16:8 இருந்து 7 கிலோ குறைஞ்சது, இப்போ மாடிப்படி ஏற முடியலை. விரத நேரத்தைக் கூட்டணுமா, புரதத்தைக் கூட்டணுமா?

மீனா_திருச்சி | மே 14

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வயசு 43, உயரம் 158 செ.மீ. வீட்டுல சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்குற ஆபீஸ் வேலை. பொங்கல் முடிஞ்சதும் 16:8 ஆரம்பிச்சேன். மதியம் 12ல இருந்து ராத்திரி 8க்குள்ள சாப்பாடு, மத்த நேரம் தண்ணி மட்டும். அப்போ 74 கிலோ, இப்போ 66.5. முதல் ரெண்டு மாசம் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். சுடிதார் எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கக் கொடுத்தேன்.

இப்போ பிரச்சினை என்னன்னா, அஞ்சு வாரமா எடை அப்படியே நிக்குது. தலை சீவினா சீப்பு நிறைய முடி. ஆபீஸ் மூணாவது மாடி. ரெண்டாவது மாடியிலேயே தொடை நடுங்க ஆரம்பிச்சிடுது. 74 கிலோ இருந்தப்பகூட ஒரே மூச்சுல ஏறினவதான் நான். போன ஞாயித்துக்கிழமை கிரைண்டர் டிரம்மை மாவோட தூக்க முடியாம பையனைக் கூப்பிட்டேன். அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு.

ஒரு நாள் சாப்பாடு: 12.30க்கு சாதம், சாம்பார், ஒரு பொரியல், கடைசியா கொஞ்சம் மோர் சாதம். 4.30க்கு ஒரு காபி, ரெண்டு பிஸ்கட். 7.30க்கு மூணு தோசை, தேங்காய்ச் சட்னி. எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு எல்லாம் விட்டாச்சு.

எடை மறுபடி இறங்கணும்னா 18 மணி நேரமா கூட்டலாமா? இல்லை, விரதத்தையே விட்டுடணுமா?

செந்தில்_ஓசூர் | மே 14

வாழ்த்துகள் மேடம், 7 கிலோ சின்ன விஷயம் இல்லை. விட்டுடாதீங்க. உடம்பு 16 மணி நேரத்துக்குப் பழகிடுச்சு, அதான் நிக்குது. 18:6 போங்க, அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் 20:4. இன்சுலின் எவ்வளவு நேரம் கீழே இருக்கோ அவ்வளவு நேரம் கொழுப்பு எரியும். அதோட ஆட்டோஃபேஜி வேற நடக்கும், செல் தன்னையே சுத்தம் பண்ணிக்கும். அதைக் கண்டுபிடிச்சவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க.

நான் ரெண்டு வருஷமா இருக்கேன். கம்பெனியில ஷிஃப்ட் வேலை. 89ல இருந்து 78க்கு வந்தேன். காபி மட்டும் கருப்பா குடிங்க, பால் வேண்டாம்.

கார்த்தி_வியாசர்பாடி | மே 14

அக்கா, நேரத்தைக் கூட்டாதீங்க. நீங்க எழுதின லிஸ்ட்டுல புரதம் எங்கேன்னு தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. குறைஞ்ச 7 கிலோவுல கொழுப்பு மட்டும் போயிருந்தா படி ஏறுறது லேசாத்தான் ஆகியிருக்கணும். கனமாயிருக்குன்னா தசையும் சேர்ந்து போயிருக்கு.

புரதத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 100 கலோரி புரதம் சாப்பிட்டா, அதைச் செரிக்கவே உடம்பு 20ல இருந்து 30 கலோரி செலவு பண்ணும். மாவுச்சத்துக்கு 5ல இருந்து 10தான், கொழுப்புக்கு அதைவிடக் குறைவு. பசியும் சீக்கிரம் வராது. ஒரு ஸ்கூப் வே பவுடர் (பால்ல இருந்து எடுக்குற புரதப் பொடி), வாரம் மூணு நாள் வெயிட் தூக்குறது. ரெண்டே மாசத்துல வித்தியாசம் தெரியும்.

பாரதி_மதுரை | மே 15

மீனா, நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உங்களைப் போல மாதத்துக்குப் பத்துப் பேரையாவது பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், படியுங்கள்.

உங்கள் தட்டை எண்ணிப் பார்த்தேன். இரண்டு பெரிய கரண்டி சாதத்தில் 7 கிராம் புரதம் இருக்கும். பொரியலும் நீர்மோரும் சேர்ந்து 4 கிராம். காபிப் பாலில் 3, பிஸ்கட்டில் 1. மூன்று தோசை, சட்னி சேர்த்து 10.

சாம்பாரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நடக்கும் பெரிய கணக்குப் பிழை அதில்தான் இருக்கிறது. நாலு பேர் வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் 100 கிராம் இருக்கும். அதில் 22 கிராம் புரதம். அதை நாலு பேர், இரண்டு வேளைக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம்கூட வராது. பருப்பு ஊற்றிச் சாப்பிட்டோம் என்ற நிறைவு வருகிறது, பருப்பு வருவதில்லை.

எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 28 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி ஆரோக்கியமான ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு 55 கிராம். அதில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த 0.83ம் எடை குறைக்காமல் சும்மா இருப்பவருக்கான அளவு. சாப்பாட்டைக் குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற அதைவிடக் கூடுதலாக வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடை 58 கிலோ என்று வைத்துக்கொண்டு, கிலோவுக்கு 1.2 கிராம் என்று நான் கணக்குப் போடுவேன். 70 கிராம்.

விரதம் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. விரதத்துக்கு முன்பும் நீங்கள் குறைவாகத்தான் சாப்பிட்டிருப்பீர்கள். ஆனால் காலை இட்லி, மாலைச் சுண்டல், ராத்திரிப் பால் என்று சில்லறையாக ஒரு 15 கிராம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தை எட்டு மணிக்குள் சுருக்கியபோது முதலில் கழன்றுபோனது அந்தச் சில்லறைதான். சாதமும் தோசையும் தங்கிவிட்டன.

முடி பற்றி: எடை வேகமாகக் குறைந்தாலோ, புரதம் பற்றாமல் போனாலோ, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்ட ஆரம்பிக்கும். உங்கள் கதையும் அப்படியே பொருந்துகிறது. இருந்தாலும் ஊகத்தில் விடாதீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12 நாலும் பார்த்துவிடுங்கள். சுத்த சைவம் என்பதால் பி12 கட்டாயம்.

மீனா_திருச்சி | மே 15

பாரதி மேடம், ரெண்டு தடவை படிச்சேன். சாம்பார்ல புரதம் இருக்குன்னுதான் நாலு மாசமா தைரியமா இருந்தேன். இன்னிக்குக் காலையில அளந்து பார்த்தேன், எங்க வீட்டுல 80 கிராம்தான் போடுறோம். அதுவும் அஞ்சு பேருக்கு.

ஆனா எனக்குன்னு தனியா சமைக்க முடியாது. சமையல் பாதி என் மாமியார் கையில. பவுடர் எல்லாம் வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. என்ன பண்றது?

சுப்பையா_கும்பகோணம் | மே 15

அம்மா மீனா, எனக்கு 69 வயது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். நாற்பது ஆண்டுகளாக ஏகாதசி விரதம் இருக்கிறேன். ‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே சிறந்த மருந்து என்று வளர்ந்தவன். அதனால் பட்டினி கிடப்பதில் எனக்குப் பயம் இருந்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தினமும் ஒரே வேளை என்று ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் 71 கிலோ 62 ஆயிற்று. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் இளைத்துவிட்டீர்களே என்று பாராட்டினார்கள். ஒரு நாள் கோயிலில் விழுந்து கும்பிட்டவன், தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பேரன் கை கொடுத்துத் தூக்கினான்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு 17 விநாடி ஆயிற்று. 12 விநாடிக்கு மேல் போனால் தசை பலவீனம் இருக்கலாம் என்பது ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் கூடி 2019ல் வகுத்த அளவு என்றார். இளைத்தது உண்மைதான், ஆனால் எது இளைத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏகாதசி மாதத்துக்கு இரண்டு நாள். மறுநாள் துவாதசியன்று பாரணை உண்டு, அகத்திக்கீரை உண்டு, நெல்லிக்காய் உண்டு. அந்த விரதத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாடு இருக்கிறது. நான் செய்ததில் அது இல்லை.

வீட்டில் நாற்காலி இருக்கும். ஐந்து முறை எழுந்து பார், அம்மா.

மீனா_திருச்சி | மே 15

ஐயா, இப்பவே பார்த்தேன். 14 விநாடி. எனக்கு 43 வயசு.

செந்தில்_ஓசூர் | மே 16

எல்லாரும் விரதத்தைக் குறை சொல்ற மாதிரி இருக்கு. அப்போ நான் 11 கிலோ குறைச்சது பொய்யா? ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு வெளியே வந்தா எதிர்லேயே புரோட்டாக் கடை. அஞ்சு வருஷம் தினமும் சாப்பிட்டிருக்கேன். ‘7 மணிக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது’ங்கிற ஒரே ஒரு விதிதான் என்னை அந்தக் கடையைத் தாண்ட வெச்சது. கலோரி எண்ணு, கிராம் எண்ணுன்னா நான் ரெண்டு நாள்ல விட்டிருப்பேன். ஆட்டோஃபேஜி பத்தியும் யாரும் பதில் சொல்லலை.

பாரதி_மதுரை | மே 16

செந்தில், பொய்யே இல்லை. நீங்கள் சொன்ன புரோட்டாக் கடைதான் இதில் முக்கியமான சாட்சி.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் பருமனான 139 பேரை வைத்து ஓராண்டு ஆய்வு செய்து 2022ல் வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட வேண்டும், மற்றக் குழுவுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முதல் குழு 8 கிலோ குறைந்தது, இரண்டாவது 6.3. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கது அல்ல. அடுத்த ஆண்டு சிகாகோவில் 90 பேர். அங்கே ஒரு குழு கலோரியே எண்ணாமல் மதியம் 12 முதல் இரவு 8க்குள் சாப்பிட்டது, இன்னொரு குழு தினமும் எண்ணி எண்ணிக் கால் பங்கைக் குறைத்தது. ஓராண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தன. அதாவது எண்ணிச் சாப்பிட முடியாதவருக்கு நேரக் கட்டுப்பாடு நல்ல வேலி. உங்களுக்கு அது வேலை செய்தது, விடாதீர்கள்.

ஆனால் வேலி போட்டால் போதாது, உள்ளே என்ன விளைகிறது என்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் 116 பேர், 12 வாரம், மீனாவின் அதே நேரம்: 12 முதல் 8. என்ன சாப்பிட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. 2020ல் முடிவு வந்தது. விரதக் குழு குறைத்தது ஒரு கிலோவுக்கும் கீழே; மூன்று வேளை சாப்பிட்ட குழுவோடு பெரிய வித்தியாசம் இல்லை. உடல் அமைப்பை அளந்து பார்த்தவர்களில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத எடை, அதாவது தசை போன்றவை. வழக்கமாக எடை குறையும்போது கால் பங்குதான் அப்படிப் போகும். அந்த ஆய்வை நடத்திய மருத்துவர் ஈத்தன் வைஸ் அதற்கு முன் பல ஆண்டுகள் தானே இந்த விரதம் இருந்தவர். முடிவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

ஆட்டோஃபேஜிக்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் கொடுத்தது உண்மை. அவர் அதன் வழிமுறையைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்லில். நம் உடம்பில் 16 மணி நேரத்தில் எவ்வளவு, 20 மணி நேரத்தில் எவ்வளவு என்று வீட்டிலோ சாதாரண லேபிலோ அளக்க வழி கிடையாது. அளக்க முடியாத ஒன்றுக்காக, அளக்க முடிகிற தொடைத் தசையை மீனா விலையாகக் கொடுக்கக் கூடாது.

கார்த்தி_வியாசர்பாடி | மே 16

பாரதி அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 40 இளைஞர்களுக்குத் தேவையான கலோரியில 40 சதவீதத்தைக் குறைச்சு, நாலு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தாங்க. ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், இன்னொண்ணுக்கு 2.4. முதல் குழு 3.5 கிலோ கொழுப்பு குறைஞ்சது, தசை அப்படியே நின்னுச்சு. ரெண்டாவது குழு 4.8 கிலோ கொழுப்பு குறைஞ்சதோட 1.2 கிலோ தசையும் கூடுச்சு. அதுவும் குறைச்ச சாப்பாட்டுல! 2016ல வந்தது. ஆனா அது வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி பண்ண பசங்க. அந்த அளவு மீனா அக்காவுக்குத் தேவையில்லை. தசைக்கு வேலையும் கொடுத்து, புரதமும் கொடுத்தா அது போகாதுங்கிறதுக்காகச் சொன்னேன்.

பாரதி_மதுரை | மே 16

நம் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம், கார்த்தி. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நாம் ஆரம்பிக்கும்போதே கையிருப்பில் தசை குறைவு. அதனால்தான் எடை இயந்திரத்தை மட்டும் நம்பி விரதம் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மீனா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் செய்வதையே அளவு மாற்றலாம்.

சாம்பாரைத் தண்ணீராக விடாமல், கடைந்த பருப்பில் உங்கள் பங்காக ஒரு கரண்டி கெட்டியாக எடுத்து வைத்துவிடுங்கள். வேகவைக்கும் முன் 40 கிராம் பருப்பு என்றால் 9 கிராம் புரதம். சாதம் ஒரு கரண்டி போதும், 4. மோர் வேண்டாம், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், 7. பனீர் வாங்க முடிந்த நாட்களில் 75 கிராம் வதக்கிக்கொள்ளுங்கள், 14. பனீர் இல்லாத நாளில் 30 கிராம் சோயா உருண்டை, 15. பருப்பு உசிலி உங்கள் பக்கமும் செய்வார்கள்தானே, பொரியலுக்குப் பதில் அதைச் செய்தாலும் ஆறேழு கிராம் வரும். மாலையில் பிஸ்கட்டை விட்டுவிட்டு 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல், 10. ராத்திரி தோசைக்குப் பதில் அடை. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்தால் இரண்டு அடையில் 15. அதோடு ஒரு டம்ளர் பால், 7. காபிப் பாலையும் சேர்த்தால் எழுபது ஆகிவிட்டது. லைசின், மெத்தியோனின் இரண்டும் புரதத்தின் கூறுகள். அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. அதனால் சைவம் என்று கவலைப்பட வேண்டாம்.

பவுடர் பற்றி: வே என்பது பாலில் இருந்து வருவதுதான், விஷம் அல்ல. ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவிலிருந்தே எடுங்கள், பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நேரம்: 18க்குப் போகாதீர்கள். இப்போதைக்கு 14:10. காலை 9.30க்கு வீட்டில் ஏதாவது பருப்புப் பண்டம், பாசிப்பயறு அரைத்துச் சுடும் பெசரட்டுத் தோசை மாதிரி. ராத்திரிச் சாப்பாடு 7.30க்குள். நேரத்தைக் காலைப் பக்கம் தள்ளினால் நல்லது என்பதற்கும் ஆதாரம் உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களை ஐந்து வாரம் பிற்பகல் 3க்குள் இரவுச் சாப்பாட்டை முடிக்க வைத்தபோது, எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. எட்டே பேர் என்பதால் அதையே வேதவாக்காக எடுக்க மாட்டேன், ஆனால் ராத்திரி 8 மணித் தோசையைவிடக் காலைப் பெசரட்டு மேல்.

நாற்காலியில் எழுந்து உட்காருவது தினமும் பத்துப் பத்தாக மூன்று முறை. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவது பத்து முறை. இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள்.

காதர்_நாகை | மே 17

எல்லாருக்கும் வணக்கம். இதை வாசிக்கிற சர்க்கரை நோயாளிகளுக்காக என் அனுபவத்தைச் சொல்லிடுறேன்.

52 வயசு, ஒன்பது வருஷமா சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுறேன். மூணு ரமலானுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்காம, காலையில போடுற மாத்திரையை அப்படியே விடியலுக்கு முன்னாடி சஹர் நேரத்துல போட்டுட்டு நோன்பு வெச்சேன். அஸர் தொழுகை நேரத்துக்குக் கை நடுங்கி, சட்டை நனைஞ்சு போச்சு. கடையில இருந்த பையன் மிஷின்ல பார்த்தான், சர்க்கரை 54. பேரீச்சம்பழம் கொடுத்து உட்கார வெச்சாங்க.

அதுக்கப்புறம் நோன்புக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பார்த்துடுவேன். கிளிமெபிரைடு அளவைக் குறைச்சு, நோன்பு திறக்குற இஃப்தார் நேரத்துக்கு மாத்திக் கொடுத்தார். நோன்பு நேரத்துல 70க்குக் கீழே போனா யோசிக்காம நோன்பைத் திறந்துடணும்னு சொன்னார். மார்க்கத்திலேயும் நோயாளிக்குச் சலுகை இருக்கு.

சாப்பாட்டையும் மாத்தினேன். முன்னெல்லாம் நோன்புக் கஞ்சி ரெண்டு கிண்ணம், சமோசா, வடை. ராத்திரிக்குள்ள 300 தொட்டுடும். இப்போ கஞ்சி அரைக் கிண்ணம், அதோட மீன். எங்க ஊர்ல மத்தி மலிவு, 100 கிராம்ல 20 கிராம் புரதம். சஹருக்கு ரெண்டு முட்டை, தயிர். முட்டைதான் மதியம் வரைக்கும் பசியைப் பிடிச்சு வைக்குது. அந்த விலைக்கு இதைவிட என்ன கிடைக்கும்?

பாரதி_மதுரை | மே 17

காதர் பாய், நன்றி. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் 16:8 ஆரம்பிக்கவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து: நீர் வற்றும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம், அப்போது சர்க்கரை அளவு அவ்வளவு கூடாமலேயே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளரும் பிள்ளைகள், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள், இவர்களுக்கு விரதமே வேண்டாம்.

நல்லூரான் | மே 18

எங்கட வீட்டில காலமைச் சாப்பாடே அவிச்ச கடலை, இல்லாட்டிக் கௌபி, அதுதான் தட்டைப்பயறு. தேங்காய்ப்பூவும் போட்டு, கட்டச் சம்பலோட சாப்பிடுவம். பள்ளிக்கூடம் போற காலத்தில ‘ஏனம்மா எப்ப பார்த்தாலும் கௌபி’ எண்டு சண்டை பிடிச்சிருக்கிறன். இப்ப விளங்குது. சோயா மீற் கறியும் அப்பிடித்தான். சுடுதண்ணியில ஊறவிட்டு, ரெண்டு மூண்டு தரம் நல்லாப் பிழிஞ்சு, பிறகு கறித்தூள் போட்டுப் பிரட்டினால் அந்தப் பச்சை மணம் போகும். மீனா அக்கா, உங்கட மாமியாருக்கு அப்பிடிச் செய்து குடுத்துப் பாருங்கோ.

கரூர்_வாசகன் | மே 19

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புரதம் அதிகம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

பாரதி_மதுரை | மே 19

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 1.2 கிராம் அளவில் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்குக் கட்டுப்பாடு தேவை. நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது தெரியாமலேயே இருக்கும். அதனால் அவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

நடைமுறையில் நான் பார்ப்பது நேர் எதிர்ப் பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம் என்று வந்தது. சிறிதளவு மாவுச்சத்துக்குப் பதிலாகப் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தாலே சர்க்கரை நோய் அபாயம் குறையும் என்பதும் அதே ஆய்வின் கணிப்பு.

மீனா_திருச்சி | ஜூன் 6

மூணு வாரம் ஆச்சு. ரிசல்ட் வந்துடுச்சு: தைராய்டு சரியா இருக்கு. ஃபெரிட்டின் 9, பி12ம் குறைவு. டாக்டர் ரெண்டுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. முடி கொட்டுறது இன்னும் நிக்கலை.

முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சு. சுண்டல் தினமும் சாப்பிட்டா வயிறு ஊதுது. அப்புறம் ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, பெருங்காயம், இஞ்சி போட்டு வேக வெச்சேன், பரவாயில்லை. சோயா வாசனை வீட்டுல யாருக்கும் பிடிக்கலை, நல்லூரான் தம்பி சொன்ன மாதிரி பிழிஞ்சு குருமாவுல போட்டதும் பையன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எடை 66.9. கூடிடுச்சேன்னு ஒரு நாள் அழுகையே வந்துச்சு. ஆனா நாற்காலி 12 விநாடி.

பாரதி_மதுரை | ஜூன் 6

400 கிராம் ஒன்றுமே இல்லை, தண்ணீராகவே இருக்கும். எடை இயந்திரத்தை வாரம் ஒரு நாள் மட்டும் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அபாயம் என்று வைத்திருக்கிறார்கள். முடிக்கு ஃபெரிட்டின் ஏற வேண்டும், மாதங்கள் ஆகும். மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள்.

செந்தில்_ஓசூர் | ஜூன் 9

நானும் அந்த நாற்காலி விஷயத்தைச் செஞ்சு பார்த்தேன். 9 விநாடி, பிரச்சினை இல்லை. ஆனா என் சாப்பாட்டை எண்ணினப்போ 45 கிராம்தான் வந்துச்சு, 78 கிலோவுக்கு. கேன்டீன்ல மதியம் ரெண்டு முட்டை சேர்த்துக்கிட்டேன், ராத்திரி 7 மணிச் சாப்பாட்டுல சாதத்தைப் பாதியாக்கிட்டுக் கோழி. 16:8 விடலை, விடவும் மாட்டேன். மீனா மேடம், 20:4 போங்கன்னு நான் சொன்னது தப்பு. உங்க தட்டுல என்ன இருக்குன்னு கேட்காமச் சொல்லிட்டேன்.

மீனா_திருச்சி | ஜூலை 27

செந்தில் சார், பரவாயில்லை. நானே அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

பத்து வாரம். எடை 64.8. இடுப்பு 91ல இருந்து 86. நாற்காலி 9 விநாடி. மூணாவது மாடி நிக்காம ஏறிடுறேன். காலை 9.30 முதல் ராத்திரி 7.30, ஞாயித்துக்கிழமை மட்டும் கணக்கு இல்லை. நெத்தி ஓரத்துல குட்டிக் குட்டியா முடி முளைக்குது. போன வாரம் கிரைண்டர் டிரம்மை நானே தூக்கி வெச்சேன், பையன் வந்து நின்னு பார்த்தான்.

இன்னொரு விஷயம் கேட்கணும். மாமியாருக்கு 67 வயசு. முதல்ல ‘இதென்ன தினமும் சுண்டல், நவராத்திரியா’ன்னு கேட்டவங்க இப்போ அவங்களே ஊறப்போடுறாங்க. ஆடி வெள்ளிக்கு ஒரு வேளை மட்டும்தான் சாப்பிடுவாங்க. நேத்து சும்மா நாற்காலியில எழுந்து உட்காரச் சொன்னேன், மூணாவது தடவைக்கு மேல முடியலை. அவங்களுக்கு எவ்வளவு புரதம் வேணும்?

பாரதி_மதுரை | ஜூலை 27

அவருக்கு உங்களைவிட அவசரம். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1ல் இருந்து 1.2 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல், வேளைக்கு 25 கிராம் அளவில் வர வேண்டும். வயதாக ஆகக் கொஞ்சப் புரதத்துக்குத் தசை அசைந்து கொடுக்காது. மெல்லக் கஷ்டப்படுகிறவர் என்றால் சுண்டலை மசித்து, பருப்பைக் கெட்டியாக, பாலும் தயிரும் கூடுதலாக. ஆடி வெள்ளியன்று சாயங்காலம் பூஜை முடிந்ததும் பாசிப்பருப்புப் பாயசத்தில் பருப்பைக் கூட்டி, வெல்லத்தைக் குறைத்துக் கொடுங்கள், விரதத்துக்கும் குறைவில்லை. சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா? கிரியாட்டினின் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மீனா_திருச்சி | ஜூலை 27

பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாங்க. கிரியாட்டினின் பார்த்ததே இல்லை. நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன்.

சுப்பையா_கும்பகோணம் | ஜூலை 28

அவர்கள் எழும்போது பக்கத்தில் நில், அம்மா. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. எனக்கு 17 விநாடி 11 ஆக ஐந்து மாதம் ஆயிற்று.